பொலி என்னும் சொல்

செல்வம், வளம், ஆக்கம், செழிப்பு என்று மனிதனுடைய அபிவிருத்தியைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் வழங்கினாலும், அவற்றுள் என் நெஞ்சத்தை மிகுதியும் கவர்ந்து நிற்பது பொலிதல் என்னும் பழஞ்சொல்லே. கதிரடித்துத் தூற்றிப் பதரினின்றும் பிரித்துக் களத்தின் நடுவே குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அந்த அம்பாரத்தினருகே நின்று உழவர்கள் ‘பொலி, பொலி’ என்று உரக்கக் கூறுவது, வந்த விளைவு மேன்மேலும் பெருகவேண்டும் என்னும் பிரார்த்தனையேயன்றி வேறில்லை. ஆவினம் விருத்தியாவதற்கென்று பேணி வளர்க்கும் காளை பொலிகாளை ஆயிற்று.

சோழர் காலத்துச் சாசனங்களில் இச்சொல் இன்னும் விசேஷமான பொருளில் வருகிறது. கோயிலில் விளக்கெரிப்பதற்கும் திருவமுது படைப்பதற்குமாகப் பக்தர்கள் அளித்த பொன்னை ஊர்ச்சபையார் பெற்றுக்கொண்டு, முதலுக்குக் குறைவு நேராமல், அதன் வட்டியைக்கொண்டே அத்தர்மத்தைச் சந்திராதித்தர் உள்ளவரை நடத்திவர ஒப்புக்கொண்டார்கள். அந்த வட்டிக்குப் பொலிசை என்று பெயர். களத்து நெல்லும், தொழுவத்துக் காளையும், கோயிற் பொன்னும் ஒரே வினையடியிலிருந்து கிளைத்த சொற்களால் சுட்டப்பெறுவதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆக்கம் என்பதோ ஆகு என்னும் வினையிலிருந்து பிறந்தது. அதற்கு எதிர்மொழி கேடு. செழிப்பும் தழைப்பும் பயிரையும் மரத்தையும் பார்த்துப் பழகிய கண்களுக்குத் தோன்றிய சொற்கள். ஆனால் பொலி என்ற அச்சொல் மாத்திரமே, பெருக்கத்தோடு அழகையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, மணமகளின் முகத்திலும் உற்சவமூர்த்தியின் திருக்கோலத்திலும் நாம் காணும் ஒளிக்கும் பொலிவு என்றே பெயராகி நிற்கிறது.