ஆப்பக் குழியில் தங்கிய உப்பு

பிச்சாவரம் அலையாத்திக் காடு 2004 சுனாமியைத் தடுத்தது உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த க. கதிரேசனும் சக ஆய்வாளரும் 18 கடலோரக் குக்கிராமங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை அலசி, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தூரமுமே பெரும்பாலான வேறுபாட்டுக்குக் காரணம் என்றார்கள். மறுப்புதான் எனக்கு வலுவாகப் படுகிறது. காட்டைச் சுனாமிச் சுவர் என்று புகழ்ந்தால், அதை நம்பிக் கரையில் தங்குபவர்களுக்குத்தான் ஆபத்து.

அதே மையம் ஆராய்ந்த இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டிய இடத்தில் காடு ஏன் மறுபடி முளைக்கவில்லை? ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய கூப்பு வெட்டில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முழுதாக வெட்டும் முறையில், அந்தந்தப் பகுதியின் மரங்கள் மொத்தமாகப் போயின. வரலாறு இவ்வளவு போதும், மண்ணுக்கு வருவோம்.

நிழல் போனதும் சேற்றில் வெயில் நேராக விழுகிறது. ஈரம் வற்றிய மண் சுருங்கி அமர்ந்து, நடுவில் பள்ளமாகிறது. ஆப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் உயர்ந்து, நடு குழிந்திருக்கும். பெரிய ஓதம் வரும்போது தேங்காய்ப்பால் ஊற்றியதுபோல் கடல்நீர் குழியில் நிறைகிறது. திரும்பிப் போக வழியில்லை. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்ள, பாலில் கரைத்த சர்க்கரை தடித்துப்போவதுபோல் உப்பு அங்கேயே தங்குகிறது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கிறது. உப்பு தாங்கும் வெண்கண்டல் மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சீரழிந்த மண்ணில் உப்பு மிகுதி, ஊட்டமும் நுண்ணுயிர்களும் குறைவு என்று கதிரேசன் 2002இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் காட்டினார்.

பிறகென்ன, ஆப்பத்தின் ஓரத்தைக் கிள்ளிவிட வேண்டியதுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டின. ஓதம் உள்ளே வந்து, உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. அதன்பின் நட்ட கன்றுகள் பிழைத்தன.

ஆனால் வாய்க்கால் வண்டலால் தூர்ந்துபோகும். அடுத்த முறை கன்று நடும் விழாவுக்கு உங்களை அழைத்தால், எத்தனை கன்று என்று கேட்காதீர்கள். வாய்க்காலை யார் தூர்வாருகிறார்கள், மண்ணின் உப்பை யார் அளக்கிறார்கள் என்று கேளுங்கள். அளக்கத் தெரிந்தவர்கள் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறார்கள். பிச்சாவரத்து நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அருகிலேயே இருக்கின்றன.