கார்லைல் மாணவரின் வெற்றி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காற்பந்து என்று வழங்கும் விளையாட்டு, இந்நாட்டில் ஆடப்பெறும் காற்பந்தினின்றும் வேறானது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, தடுப்போரைக் கடந்து, அவர்தம் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உடல்வலிமையையே பெரிதும் நம்பிய முரட்டு ஆட்டமாக இருந்தது. பெரிய கல்லூரிகளே அதில் முதன்மை பெற்றிருந்தன. அக்கல்லூரிகளோடு பொருது, 1912ஆம் ஆண்டில் பெரும்புகழ் எய்தியது கார்லைல் பள்ளி அணி.

பென்சில்வேனியா மாநிலத்தில், படைவீரர் தங்கியிருந்த பழைய கட்டடங்களில் 1879ஆம் ஆண்டு அப்பள்ளி தொடங்கப்பெற்றது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் பிள்ளைகளை வெள்ளையர் வாழ்க்கை முறைக்கு மாற்றுவதே அதனை நிறுவியோர் கருத்து. பள்ளிக்கு வந்த சிறுவரின் நீண்ட முடி வெட்டப்பட்டது. தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. பெற்றோரையும் பிறந்த மண்ணையும் பிரிந்து வாடிய அவர்கள், தம் ஆற்றலைப் பிறர் அறியக் காட்டும் இடமாக ஆடுகளம் அமைந்தது.

கார்லைல் வீரர்கள் எதிரணியினரைவிட உடற்கட்டிற் சிறியவர்கள். ஆதலின், பயிற்றுநர் கிளென் வார்னர் அவர்களுக்கு விரைவையும் சூழ்ச்சியையும் கற்பித்தார். பந்து எவர் கையில் உள்ளது என்பதை எதிரணியினர் உணருமுன்னரே அவர்கள் களத்தைக் கடந்துவிடுவர். அணியின் தலைசிறந்த வீரர் ஜிம் தோர்ப்; அவர் அவ்வாண்டுக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிகளில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றவர்.

1912 நவம்பர் 9ஆம் நாள், வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரி அணியைக் கார்லைல் எதிர்த்தது. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர் அன்று படைக்கல்லூரி அணியில் ஆடினார். ஒரு தலைமுறைக்கு முன்னர், அமெரிக்கப் படையும் பழங்குடியினரும் போர்க்களத்தில் எதிர் நின்றவர்கள். இப்பொழுதோ, இரு சாராரும் ஒரே விதிக்கு உட்பட்டு நின்றனர். முதலிற் படைக்கல்லூரி 6 புள்ளிகள் பெற்றது. கார்லைல் வீரர்கள் தளர்ந்தாரல்லர். முடிவில் 27க்கு 6 என்னும் கணக்கில் வென்றனர்.

அடுத்த வாரமே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவர்களைத் தோற்கடித்தது. எனினும், அப்பருவத்தில் ஆடிய 14 ஆட்டங்களுள் அவர்கள் தோற்றது அவ்வொன்றே. 12 வெற்றிகள், ஓர் ஆட்டம் சமநிலை.

கார்லைல் பள்ளி 1918ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆடுகள வெற்றியால் அம்மக்கள் இழந்த நிலம் மீளவில்லை. ஆயினும், நேரிய விதியும் ஒத்த வாய்ப்பும் கிட்டுமாயின், எவரும் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர் என்னும் உண்மையை அவ்விளைஞர் உலகறிய நாட்டிச் சென்றனர்.