கோதுமை ஆகாத குழந்தைக்குக் காலை உணவு எது?

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கதையுடன் தொடங்குவோம். கதை கற்பனைதான். ஆனால் அதில் வரும் அறிவியல் முழுக்க முழுக்க உண்மை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் ஆவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெரியநாயகி மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தன் அப்பாயி வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு சிறுமி வருகிறாள். வயது பத்து. அவளுடைய அப்பாவுக்கு ஹரியானாவில் வேலை. அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அவள் வகுப்பிலேயே மிகக் குள்ளமாக இருந்தாள். அடிக்கடி வயிற்றுப்போக்கு. முகம் வெளுத்துக் கிடக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. கடைசியில் டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, இது 'செலியாக் நோய்' என்றார்கள். இனிமேல் கோதுமை, பார்லி இரண்டும் அறவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அவள் தேறி வருகிறாள்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை. அப்பாயி ஆசையோடு ரவை உப்புமா கிண்ட வாணலியை அடுப்பில் வைக்கிறார். சிறுமியின் அம்மா ஓடி வந்து தடுக்கிறார்.

"ரவையும் கோதுமைதான் அத்தை!"

"அப்படியா? அப்போ பிள்ளைக்குக் காலையில் என்னதான் கொடுக்கிறது?"

அப்பாயி கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் விடை தேடப் போகிறோம்.

பரோட்டா மாவு ஏன் இழுபடுகிறது?

முதலில் ஒரு சோதனை. ஒரு கைப்பிடி மைதாவை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் உங்கள் கையில் ரப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன் என்ற பசைப் புரதம். இத்தாலி நாட்டு அறிஞர் பெக்காரி இதே முறையில் குளூட்டனைப் பிரித்தெடுத்தார். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1745இல் வெளியாயிற்று.

இப்போது அரிசி மாவை உருட்டி இதேபோல் கழுவிப் பாருங்கள். உருண்டை கரைந்து பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். ரப்பர் எதுவும் கையில் மிஞ்சாது. பரோட்டா போடுகிறவர் மாவைத் துணிபோல வீசி விரிப்பது குளூட்டனின் தயவால்தான். அரிசி மாவில் அந்த வித்தை பலிக்காது.

குடலுக்குள் நடப்பது என்ன?

நமது சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். அதன் உட்சுவர் வழவழப்பாக இருப்பதில்லை. பூத்துவாலையின் மேல் நூல்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எண்ணற்ற குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. செரித்த உணவை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை.

நாம் உண்ணும் புரதங்களை நொதிகள் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. ஆனால் குளூட்டன் எளிதில் வெட்டுப்படுவதில்லை. அதில் 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு எந்தச் செரிமான நொதிக்கும் அசையாமல் நிற்கிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை ஒன்றுமில்லை. செலியாக் நோய் உள்ளவர்களின் உடலோ அந்தத் துண்டைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்தக் குடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. நூல் உதிர்ந்த துவாலை தண்ணீரை உறிஞ்சுமா? அதேபோல் இரும்பு, சுண்ணாம்பு முதலிய சத்துகள் உடலில் சேராமல் வீணாகின்றன. அதனால்தான் இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு பலவீனம் எல்லாம் வருகின்றன.

இந்த நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் குளூட்டனை அடியோடு நிறுத்தினால், மாதக்கணக்கிலோ ஓரிரு ஆண்டுகளிலோ குடலுறிஞ்சிகள் மீண்டும் வளர்ந்துவிடும். உணவே மருந்து என்பது இந்த நோய்க்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

இங்கிலாந்து மருத்துவர் சாமுவேல் ஜீ 1888இல் இந்த நோயைத் தெளிவாக வருணித்து எழுதினார். உணவுதான் வழி என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் எந்த உணவு குற்றவாளி என்று பிடிபடவில்லை.

அதைப் பிடித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவருக்குக் கோதுமை ரொட்டியின் மீது முன்பே சந்தேகம் இருந்தது. 1941இல் அதைப் பற்றி எழுதியும் இருந்தார். பிறகு 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரின் கடைசி மாதங்களில், அந்நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்தபோது செலியாக் நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது! டிக்கே அத்துடன் நிற்கவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், குழந்தைகளின் எடையையும் மலத்தையும் அளந்து பார்த்து, 1950இல் தம் ஆய்வேட்டில் உண்மையை நிலைநாட்டினார்.

வேலூரும் ஹரியானாவும்

நம் நாட்டில் நிலைமை என்ன? ஹரியானா, அஸ்ஸாம், தமிழ்நாட்டின் வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்த நோய் இருந்தது. அஸ்ஸாமில் ஆயிரத்தில் நாலைந்து பேருக்கு. வேலூர்ப் பகுதியிலோ பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான்.

நம்மிடம் அந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இல்லையோ என்று நினைக்கத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் அந்த மரபணு இருந்தது, தெற்கே 36 பேரிடம். கிட்டத்தட்ட சமம்தான்! பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒருவர் உண்ட கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அஸ்ஸாமில் உண்டது 37 கிராம்தான். இருந்தும் அங்கே நோய் நம்மைவிட மிக அதிகம். ஆகவே கோதுமையின் அளவு ஒன்றே காரணமல்ல. இன்னும் அறிய வேண்டியது இருக்கிறது.

அப்பாயியின் அடுக்களை

இனி அப்பாயியின் கேள்விக்கு வருவோம். குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில். ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமையின் பிள்ளைகளே. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி இவற்றில் இந்த நோய் தரும் குளூட்டன் இல்லை. உளுந்து, பயறு, கடலை முதலிய பருப்புகளிலும் இல்லை.

அப்படியானால் இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, பொங்கல், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எல்லாமே அந்தச் சிறுமிக்கு ஏற்ற காலை உணவு. மேல்நாட்டில் இந்த நோய் உள்ளவர்கள் தனிக் கடை தேடி அதிக விலைக்கு வாங்கும் வகை உணவு, ஆவூர் அடுப்பில் அன்றாடம் வேகிறது!

ஆனால் குளூட்டன் மாறுவேடத்திலும் வரும். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பொங்கலிலும் சாம்பாரிலும் அது சேர்ந்துவிடும். சத்துமாவில் வறுத்த கோதுமை இருக்கலாம். பாலில் கலக்கும் 'மால்ட்' பானங்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து வருபவை. சோள அவலில் சோளம் நல்லதுதான், ஆனால் சுவைக்காகப் பார்லி மால்ட் சேர்ப்பதுண்டு. கேழ்வரகு சேமியா, கேழ்வரகு பிஸ்கட் ஆகியவற்றின் பெயரில் கேழ்வரகு இருக்கும், பொட்டலத்தின் பின்பக்கத்தில் மைதா இருக்கும். ஓட்ஸும் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடக் கூடியது. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கோயிலில் நற்கருணையாகத் தரும் அப்பம்கூடக் கோதுமையால் ஆனதே. இந்த நோய் உள்ளவர்கள் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைப் பெறலாம் என்று வத்திக்கான் 2003இல் எழுதிய கடிதம் சொல்கிறது.

கால் கிராம் கணக்கு

"எல்லாம் சரி, துளியூண்டு பட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கக் கூடாது. இது உலக அளவிலும் நம் நாட்டிலும் உள்ள விதி. 100 கிராம் மைதாவில் சுமார் 8 கிராம் குளூட்டன் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 1 கிராம் மைதாவில் 80 மில்லிகிராம். 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு எவ்வளவு மைதா போதும்? கால் கிராம்! ஒரு சிட்டிகை மைதா ஒரு கிலோ அரிசி மாவைக் கெடுத்துவிடும்.

இப்போது உங்கள் ஊர் மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார். அடுத்து உங்கள் இடியாப்ப அரிசி இயந்திரத்தில் விழுகிறது. உள்ளே ஒட்டியிருந்த கோதுமை மாவு கால் கிராமோடு நிற்குமா? பலருக்கும் நன்மை செய்யும் மில், இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் ஆபத்தாகிவிடுகிறது. பூரி பொரித்த எண்ணெயில் வடை சுடுவது, சப்பாத்திக் கல்லில் தோசை வார்ப்பது, உப்புமாக் கரண்டியை இட்லிப் பாத்திரத்தில் விடுவது எல்லாம் இதே தவறுதான்.

ஆகவே அப்பாயி என்ன செய்கிறார் தெரியுமா? இட்லி மாவு வீட்டுக் கிரைண்டரில் அரைபடுவது, அதில் கவலையில்லை. கேழ்வரகை முழுத் தானியமாக வாங்கிப் புடைத்து, இடையில் கலந்துள்ள கோதுமை மணிகளைப் பொறுக்கி எறிந்து, கழுவிக் காயவைக்கிறார். பிறகு கேழ்வரகைத் தவிர வேறெதையும் அறியாத பழைய திருகையைத் தூசி தட்டி எடுக்கிறார். பேத்திக்கென்று தனியாக ஒரு தோசைக்கல். பெருங்காயத்துக்குப் பதில் சீரகமும் பூண்டும் தாளிப்பில் சேர்கின்றன. பொட்டலங்களில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கும் வேலை சிறுமியுடையது. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அவளும் ஒரு வரி விடாமல் படிக்கிறாள்.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

செலியாக் நோய் தொற்றுநோயல்ல. நோய் இல்லாதவர்கள் கோதுமையைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. தொடர்ந்து வயிற்றுப்போக்கோ இரத்தசோகையோ இருந்தால் டாக்டரிடம் செல்லுங்கள். இரத்தச் சோதனையும், சிறுகுடலில் ஒரு சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையும் உண்டு. அவற்றுக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோயின் அடையாளம் மறைந்து, சோதனை ஏமாற்றிவிடும்.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் ஒருவர் நீங்கள் நீட்டும் பிஸ்கட்டை வேண்டாம் என்று மறுக்கலாம். "ஒன்றே ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று வற்புறுத்தாதீர்கள். என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கடலை மிட்டாயை நீட்டுங்கள். அதற்கு முன் அதன் பொட்டலத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்!