38 கிலோமீட்டரில் ஓர் உள்ளூர் ரயில்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து பாண்டிக்கு வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் தவளக்குப்பம் வந்து கடலூர் சாலையைப் பிடிக்கிறார்கள். நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் எல்லாம் தாண்டி வந்தபின் ஏ.எஃப்.டி. ஆலைப் பக்கத்து ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிடும். "கேட் போட்டாச்சு" என்று யாரோ சொல்ல, டிரைவர் இன்ஜினை அணைப்பார். உள்ளூர் ரயிலைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேட்டையும் சேர்த்தே பேச வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

புதுச்சேரி நகரத்துக்கு இருப்பது ஒரே ஒரு ரயில் பாதை. 1879-இல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, பின்னர் அகலப் பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் வழியாக விழுப்புரம் வரை ஏறத்தாழ 38 கிலோமீட்டர். புதிதாக ஒரு கிலோமீட்டர்கூடப் போடாமல் உள்ளூர் ரயிலைத் தொடங்க இந்தப் பாதையே போதும். ஹைதராபாத்தில் 2003-இல் தொடங்கிய எம்.எம்.டி.எஸ். என்ற உள்ளூர் ரயில் அப்படித்தான் வந்தது. ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, இருந்த தண்டவாளத்திலேயே ரயிலை ஓட்டின.

தடை எங்கே என்றால், இது ஒற்றை வழிப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றையொன்று கடக்க முடியும்; அதற்கு அந்த ஸ்டேஷனில் இரண்டாவது தண்டவாளமும் சிக்னலும் வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எங்கும் கிராஸிங் இல்லையென்றால், போன வண்டி திரும்பிய பிறகே அடுத்தது கிளம்பலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டிதான் கிடைக்கும். சம இடைவெளியில் இரண்டு இடங்களில் கிராஸிங் வசதி இருந்தால் ஒவ்வொரு துண்டும் இருபது நிமிடம். அப்போது முக்கால் மணிக்கு ஒரு வண்டி சாத்தியம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ரயிலை நம்பத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான் என்பது என் கருத்து. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விட்டால், வண்டியைத் தவறவிட்டவர் மறுநாளே பைக் வாங்கக் கடன் கேட்கப் போய்விடுவார்.

வண்டியும் மெமு எனப்படும் மின்சார ரயிலாக இருக்க வேண்டும். சாதாரண பாசஞ்சர் வண்டி புதுச்சேரி போன்ற கடைசி ஸ்டேஷனுக்கு வந்தால், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். மெமுவுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. வந்த பிளாட்பாரத்திலிருந்து அப்படியே திரும்பிவிடும்.

இனி கேட்டுக்கு வருவோம். முக்கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் போக ஒன்று, வர ஒன்று. தொலைதூர ரயில்களுக்காக மூடுவது போக, முக்கால் மணிக்கு இரண்டு முறை கேட் விழும். வில்லியனூர்க்காரருக்குக் கிடைக்கும் ரயில் தவளக்குப்பத்துக்காரரின் பஸ்ஸை மறிக்கும். ஆகவே கடலூர் சாலையில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ முதலில் வர வேண்டும், ரயில்களின் எண்ணிக்கை அதன் பின்னர் அதிகரிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தெற்கே இருக்கும் கிராமங்கள்தான் அடிபடும்.

அபிஷேகப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இல்லை. ஆனால் கரிக்கலாம்பாக்கம் பக்கமாக வில்லியனூருக்குப் போகும் ஒரு பஸ்ஸோ டெம்போவோ ரயில் நேரத்துக்கு ஓடினால், விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். இந்த இணைப்பைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். சென்னையில் 1995-இல் தொடங்கிய பறக்கும் ரயில், 2007-இல் வேளச்சேரி வரை நீண்டும் எதிர்பார்த்த கூட்டத்தைப் பெறவில்லை. ஸ்டேஷன்கள் பெரிதாக இருந்தன. வாசலில் இறங்கியவருக்குப் பஸ் சரியாகக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் புதுச்சேரி, தமிழ்நாடு என இரண்டு அரசுகளும் ரயில்வேயும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வில்லியனூர் புதுச்சேரியில் இருக்கிறது. சின்னபாபுசமுத்திரமும் வளவனூரும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ரயில்வே மத்திய அரசிடம் இருக்கிறது. பெங்களூரில் 148 கிலோமீட்டர் புறநகர் ரயிலுக்காக மாநில அரசும் ரயில்வேயும் கூட்டாக ஒரு நிறுவனமே வைத்திருக்கின்றன. இங்கே அவ்வளவு பெரிதாக வேண்டாம், செலவையும் பொறுப்பையும் பிரித்து எழுதிய ஓர் ஒப்பந்தம் போதும்.

இதைத் தவிர இன்னொரு திட்டமும் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குச் செல்லவிருக்கும் கடலோர ரயில் பாதை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால்தான் தெற்கே இருக்கும் கிராமங்களுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டேஷன் கிடைக்கும். சங்கராபரணியையும் தென்பெண்ணையையும் கடக்கப் பாலங்கள் வேண்டும், அவற்றைப் பிறகுகூடக் கட்டலாம். ஆனால் தவளக்குப்பத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டேஷனுக்கும் அதற்குப் போகும் சாலைக்கும் வேண்டிய நிலத்தை நகரமைப்பு வரைபடத்தில் இப்போதே குறித்துவைக்க வேண்டும்.