குப்பென்று ஏறும் சூடு: ஹார்மோன் மாத்திரை கூடாதவர்கள் என்ன செய்யலாம்?

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், பனை ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் நகர்கிறார்கள். கரையேறினால் கருவாடு காயும் மணல், மீன் விற்கும் இடம், அடுப்படி. இப்படி வெயிலிலேயே உழைக்கும் ஒருத்திக்கு நாற்பத்தைந்து வயதை ஒட்டி நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறி வேர்த்துக் கொட்டினால், "வெயில்தான், வேறென்ன" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சூடு மார்கழி விடியற்காலையிலும் வருகிறது. ராத்திரியில் ரவிக்கையை நனைத்து, தூக்கத்தைக் கலைத்து, பின்னாலேயே குளிர் நடுக்கத்தையும் கொண்டுவருகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதனால் அதுவரை அடங்கியிருந்த சில நரம்பணுக்கள், உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் மிகையாக இயங்கத் தொடங்குகின்றன. உடல் வெப்பம் 0.4 டிகிரி அளவுக்கு ஏறி இறங்கினால் மூளை சாதாரணமாகப் பொருட்படுத்தாது. சூடு ஏறும் பெண்களுக்கு அந்தச் சலுகை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. துளி வெப்பம் கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து வேர்வை பெருகுகிறது. ஆக, இது கருவாட்டாலோ கத்திரிக்காயாலோ வந்த "சூட்டு உடம்பு" இல்லை. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் இந்தத் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீளலாம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வில், அடிக்கடி சூடு ஏறிய பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள். பொறுத்துக்கொள் என்று சொல்லக்கூடிய காலமா இது?

ஹார்மோன் மாத்திரைதான் இதற்கு வலுவான மருந்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதம், மாரடைப்பு, கால் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டு கண்டவர்கள், கடும் கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக அதைத் தருவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வை, நோய் திரும்புவது கூடியதால் 2003-இல் பாதியில் நிறுத்தினார்கள். போதாக்குறைக்கு, நோய் திரும்பாமலிருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையே சூட்டைக் கிளப்பும். அதற்காக அதை நிறுத்திவிடவே கூடாது.

ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. வெண்லாஃபாக்சின், எஸ்சிடலோபிராம் போன்றவை மனச்சோர்வுக்கானவை. குறைந்த அளவில் இந்தச் சூட்டையும் பலருக்குக் குறைக்கின்றன. "பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரையாமே" என்று யாராவது சொன்னதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். வெண்லாஃபாக்சின் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே வகையைச் சேர்ந்த பராக்சிடின், டமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும். அதனால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அத்தனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி வேர்வைக்கு காபாபென்டின் உதவும், ஆனால் மயக்கமாக இருக்கும். விடியுமுன் படகிலோ தண்ணீரிலோ இறங்குபவர்கள் தங்கள் வேலையை மருத்துவரிடம் சொல்லியே இதைக் கேட்க வேண்டும். மூளையின் அந்த நரம்பணுக்களை நேரடியாக அடக்கும் ஃபெசோலினெடன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை கட்டாயம்.

மருந்தில்லாத வழியில், ஆய்வுகளில் நன்றாக நிலைத்தது எண்ணங்களைப் பழக்கும் உளவியல் சிகிச்சை. சூடு ஏறியதும் "எல்லாரும் என்னையே பாக்குறாங்க" என்ற பதற்றம் தொல்லையை இரட்டிப்பாக்குகிறது. அந்த எண்ணத்தை நிதானப்படுத்தப் பழகினால், சூடு வரும் எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டாலும் வாட்டுவது குறைகிறது, தூக்கம் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களிடமே லண்டனில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உடல் எடை கூடியவர்களுக்கு எடை குறைவதும் உதவும்.

மோர், நுங்கு, இளநீர், விசிறி எல்லாம் அந்த நேரத்துக்கு இதம் தரும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவற்றால் சூடு வருவதே நின்றுவிடும் என்பதற்குச் சான்று இல்லை. நனைந்தால் சீக்கிரம் காயுமென்று நைலான் புடவை கட்டுபவர்கள், படுக்கும்போதாவது பருத்திக்கு மாறலாம். மூலிகைப் பொடிகளுக்குக் காசைக் கொட்டும் முன் ஒன்றை யோசியுங்கள்: ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமான பேருக்குச் சூடு குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொடி "கேட்டது" என்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சோயா, மூலிகை மாத்திரைகள் சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருப்பதால், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லா வேர்வையும் இந்த வயதின் வேர்வை என்று விட்டுவிடவும் கூடாது. மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இருமலோடு ராத்திரி வேர்த்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். கை நடுக்கமும் படபடப்பும் ஓயாமல் இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குப் பசியோடு வேர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பு கொடுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ரத்தம் பட்டால் ஒரு துளி என்றாலும் காட்ட வேண்டும். வேர்வையோடு நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, மூச்சுத் திணறல் வந்தால் வெயில் தாழட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.