அக்காவுக்கு வேலை! தம்பிக்கு விளையாட்டு! ஒரே கம்ப்யூட்டர் போதுமா?

சீட்டுப் பணம் கைக்கு வந்தது.

அதில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று.

யாருக்கு?

அக்கா வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கிறாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிறாள். நடுநடுவே இரண்டு கடைகளுக்குக் கணக்கும் எழுதுகிறாள். அவளிடம் இருப்பது பழைய லேப்டாப். ஒரு வீடியோவை முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது.

தம்பி பிளஸ்-2 படிக்கிறான். அவனுக்குக் கார் பந்தயம் வேண்டும், கால்பந்து வேண்டும், துப்பாக்கிச் சண்டை வேண்டும். எல்லாம் திரையில்தான்!

ஆளுக்கு ஒன்று வாங்கப் பணம் இல்லை. ஒன்றே ஒன்றுதான். அதையும் பாகம் பாகமாகப் பொறுக்கி எடுத்துப் பூட்ட வேண்டும்.

"இது ஆகிற காரியமா?" என்று கேட்டாள் அம்மா.

ஆகும். ஆனால் பாகம் தெரிந்து வாங்கவேண்டும். தெரியாமல் வாங்கினால் பணமும் போகும். அக்காவின் பிழைப்பும் கெடும்.

இப்படிப்பட்ட வீடுகள் இன்று நிறைய இருக்கின்றன. ஆகவே, இந்த வீட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அளவெடுத்துத் தைத்த சட்டை

கடையில் தொங்கும் சட்டை ஒருவருக்குத் தோளில் பிடிக்கும். மற்றொருவருக்கு இடுப்பில் தொளதொளக்கும். அளவெடுத்துத் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனியின் பாகத்தோடு எப்படிச் சேருகிறது?

இதற்கு ஒரு கதை உண்டு. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி ஒரு சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவசரமாகச் செய்யவேண்டி இருந்ததால், எல்லாவற்றையும் தானே செய்யாமல், வெளியில் கிடைத்த பாகங்களை வாங்கிப் பூட்டியது. அதன் மூளை, இன்டெல் கம்பெனி செய்தது.

வெளியில் கிடைக்கும் பாகம்தானே! மற்ற கம்பெனிகளும் அதே மாதிரி செய்யத் தொடங்கின. பாகங்கள் பொதுவாகிவிட்டன. பிறகு, 1995-ல் "ஏ.டி.எக்ஸ்." என்று ஓர் அளவு முறை வந்தது. பலகை இவ்வளவு நீளம், திருகு இந்த இடத்தில் என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. இன்று யார் செய்த பலகையும் யார் செய்த பெட்டியிலும் உட்காருவது அதனால்தான்.

ரிச்சி தெரு

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் ரேடியோ சாமான்கள் விற்ற தெரு. இப்போது கம்ப்யூட்டர் பாகங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பல கடைகளுக்கு விடுமுறை!)

அப்பா, அக்கா, தம்பி மூவரும் அங்கே போகிறார்கள் என்று வையுங்கள்.

தம்பியின் கண் முதலில் எங்கே போகும்? கண்ணாடிப் பெட்டியின் மேல்! உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுழல்கின்றன.

"அப்பா, இதை வாங்கலாம்!"

"தம்பி, விளக்குப் போட்டால் வேகம் கூடுமா?" என்று கேட்கிறாள் அக்கா.

கூடாது. விளக்கு அழகுக்கு, அவ்வளவுதான். இன்னொரு சங்கதியும் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த பெட்டியில் காற்று சரியாக நுழையாது. நம் ஊர் வெயிலுக்கு, முன்பக்கம் சல்லடை போன்ற வலை வைத்த பெட்டிதான் நல்லது. உள்ளே இருக்கும் மூளை 95, 100 டிகிரி சூட்டை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வேர்வையிலே போய்விடும்!

கடைக்காரர்கள் இந்தப் பெட்டியை "கேபினெட்" என்பார்கள். அதைக் கடைசியில் வாங்கினால் போதும்.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது?

திரையைப் பாருங்கள்!

பலர் திரையைக் கடைசியில், மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். அது தவறு. மற்றப் பாகங்களுக்கு எவ்வளவு வேலை என்பதைத் திரைதான் முடிவு செய்கிறது.

சாதாரணத் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள். நெடுக 1080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்!

படம் அசைய வேண்டுமானால், இத்தனை புள்ளிகளுக்கும் விநாடிக்கு 60 தடவை வண்ணம் பூசவேண்டும். அதாவது ஒரு விநாடியில் 12 கோடிக்கு மேல். தம்பி கேட்பது 144 தடவை மாறும் திரை. அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 30 கோடிப் புள்ளிகள் பூசியாக வேண்டும். "4-கே" என்னும் திரை வாங்கினாலோ, புள்ளிகள் 4 மடங்கு!

பெரிய திரை வாங்கிவிட்டுச் சின்னக் கார்டு வாங்கினால் படம் நொண்டும். சின்னத் திரை வாங்கிவிட்டுப் பெரிய கார்டு வாங்கினால் பணம் வீண்.

அக்காவுக்கு வேகம் பெரிதல்ல. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு, திரையில் அரக்குச் சிவப்பாகவே தெரியவேண்டும். அதற்கு "ஐ.பி.எஸ்." வகைத் திரை ஏற்றது. அந்த வகையிலேயே 144 தடவை மாறும் திரைகளும் வந்துவிட்டன. ஆகவே, இந்தச் சண்டை கடை வாசலிலேயே தீர்ந்தது.

வண்ணம் பூசும் கார்டு

அந்தக் கோடிக்கணக்கான புள்ளிகளுக்கும் வண்ணம் பூசுவது யார்?

கிராபிக்ஸ் கார்டு!

விளையாட்டு என்றால் இதுதான் உயிர். அதனால், "இது தம்பி செலவு" என்று அப்பா நினைப்பார். அது சரியல்ல. வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே படமாகச் சேர்த்து எடுக்கும்போது இந்தக் கார்டும் கை கொடுக்கிறது. அதற்கென்றே தனிச் சுற்று அதற்குள் வைத்திருக்கிறார்கள். விடிய விடிய ஓடிய வேலை, பாதி இரவிலேயே முடியக்கூடும்.

அக்காவுக்கும் உண்டு; தம்பிக்கும் உண்டு. ஆகவே, அதிகப் பணம் இங்கே போவதில் தவறில்லை. பெட்டிக்குள் போடும் சாமான்களுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், 30 முதல் 35 ரூபாய் வரை கார்டுக்குக் கொடுக்கலாம். வீட்டில் விளையாட்டே கிடையாது, கணக்கும் கடிதமும்தான் என்றால் கார்டே வேண்டாம். மூளைக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸ் போதும்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்குமே என்று நினைக்கலாம். கவனம்! 2020 முதல் 2022 வரை "கிரிப்டோ" காசு எடுப்பதற்காக உலகெங்கும் இந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் "எத்தீரியம்" காசுக்கு அந்த முறை நின்றது. ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் புதிதுபோலவே இருக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லாமல் பழைய கார்டு வாங்கக்கூடாது.

மூளையும் பலகையும்

மூளைக்குக் கடைப் பெயர் "பிராசசர்". இன்டெல், ஏ.எம்.டி. என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள்தான் இதில் போட்டி.

மூளை உட்காரும் பலகை "மதர்போர்டு". இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எந்த மூளையும் எந்தப் பலகையிலும் உட்காராது! இன்டெல் பலகையில் ஏ.எம்.டி. மூளை சேராது. ஏ.எம்.டி.யிலேயே "ஏ.எம்.4" என்பது பழைய குழி, "ஏ.எம்.5" என்பது 2022-ல் வந்த புதுக் குழி. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் பொருந்தாது.

புதுக் குழி கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் சில ஆண்டு கழித்து மூளையை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. பிழைப்புக்கு வாங்குகிறவர்கள் புதுக் குழியைப் பார்ப்பதே மேல்.

இன்னொன்று. மூளையின் எண்ணுக்குப் பின்னால் "எப்" என்ற எழுத்து இருந்தால், அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கொஞ்சம் மலிவு. ஆனால் என்றைக்காவது கார்டு பழுதானால் திரையே தெரியாது. அன்றைக்கு அக்காவின் வேலை நிற்கும். "எப்" இல்லாததை வாங்கினால் கணக்கு வேலையாவது ஓடும்.

மேசையும் பீரோவும்

ராம் என்பது வேலை செய்யும் மேசை. மேசை பெரிதாக இருந்தால் பல காகிதங்களைப் பரப்பலாம். விளையாட்டுக்கு 16 ஜி.பி. போதும். வீடியோ வெட்டுவதற்கு 32 ஜி.பி. வேண்டும். 16 ஜி.பி. ஒன்றாக வாங்காமல், 8 ஜி.பி. இரண்டாக வாங்கிப் பூட்டினால் இரண்டு பாதையில் செய்தி ஓடும், வேகம் கூடும்.

இதிலும் பொருத்தம் பார்க்கவேண்டும். "டி.டி.ஆர்.4" ராம், "டி.டி.ஆர்.5" பலகையில் நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 மட்டும்தான் ஏற்கும்.

ராம் விலை தங்கம்போல ஏறி இறங்கும். 2025 கடைசியில் திடீரென ஏறியது. ஏ.ஐ. வேலைக்காகப் பெரிய பெரிய கம்பெனிகள் நினைவுச் சில்லுகளை மொத்தமாக வாங்கியதே காரணம். அப்படிப்பட்ட சமயத்தில், பலகையில் இரண்டு காலி இடம் விட்டுக் குறைவாக வாங்கிப் பிறகு சேர்த்துக்கொள்வது ஒரு வழி.

சாமான்களை வைக்கும் பீரோ, "எஸ்.எஸ்.டி."

1956-ல் ஐ.பி.எம். செய்த முதல் டிஸ்க் பெட்டியில் 2 அடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்று 100 ஜி.பி.யைத் தாண்டும் ஒரே விளையாட்டு உண்டு. ஆகவே, 1 டி.பி. எஸ்.எஸ்.டி. வாங்குவது நல்லது.

அத்துடன் ஒரு சுழலும் ஹார்டு டிஸ்க்கும் வேண்டும். அது மெதுவாகத்தான் ஓடும், ஆனால் மலிவு. ஏன் வேண்டும்?

அக்காவிடம் இருப்பது பிறர் வீட்டுக் கல்யாணம். எஸ்.எஸ்.டி. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால்? தாலி கட்டியதைத் திரும்பக் கட்டச் சொல்லி எடுக்க முடியுமா? ஒவ்வொரு வீடியோவுக்கும் இன்னொரு பிரதி இருந்தே தீரவேண்டும்.

இதில் மிச்சம் பிடிக்காதீர்!

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ்.

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட் என்று குறைத்து, எல்லாப் பாகங்களுக்கும் படியளப்பது இதுதான். இது கெட்டால் தான் மட்டும் கெடாது. போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போனாலும் போகும்!

ஆனாலும், "கேபினெட்டோடு சும்மா வருகிறதே" என்று பலர் அதையே போட்டுக்கொள்கிறார்கள். பெட்டியின் மேல் "450 வாட்" என்று அச்சிட்டிருக்கும். அச்சுக்கு மின்சாரம் வருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்விடியா கம்பெனி 2023-ல் கொண்டுவந்த "ஆர்.டி.எக்ஸ். 4060" கார்டு 115 வாட் வரை இழுக்கும். நடுத்தர மூளை ஒன்று 65 முதல் 90 வாட். விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 50. மொத்தம் 230 முதல் 255 வாட். ஆனால் அந்தக் கார்டுக்குக் கம்பெனி சொல்லும் எஸ்.எம்.பி.எஸ். 550 வாட்! காரணம், கார்டு சில நொடிகளில் திடீர் திடீரென்று அதிகம் இழுக்கும். அதைத் தாங்கவேண்டும்.

"80 பிளஸ்" என்ற முத்திரையைப் பார்த்து வாங்குவது வழக்கம். "மின்சாரம் குறைவாக வீணாகும்" என்பதுதான் அதன் பொருள். நீடித்து உழைக்குமா என்பதற்கு, எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேட்கவேண்டும். 5 ஆண்டு, அதற்கு மேலும் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன.

தம்பி இங்கே ஒரு யோசனை சொல்லக்கூடும். "அக்கா, மலிவான எஸ்.எம்.பி.எஸ். போடலாம். அந்தப் பணத்தில் விளக்கு விசிறி வாங்கலாம்!"

அக்கா சம்மதிக்கக் கூடாது. சம்மதித்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

யு.பி.எஸ்.சிலும் இதே கதைதான். "600 வி.ஏ." என்று எழுதியிருந்தால் 600 வாட் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். விளையாட்டு நடுவே கரண்டு போனால் அது திணறும். 1000 வி.ஏ. இருந்தால் கோப்பைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும்.

பில் எங்கே?

"பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கவேண்டும். வெளிநாட்டில் இருந்து தனியாக வந்த சரக்குக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம். கார்டு வாங்குமுன் அதன் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 30 சென்டிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் உண்டு. சின்ன கேபினெட்டில் நுழையாது.

பாகங்கள் வீட்டுக்கு வந்தன. பூட்டியாயிற்று. அப்பா ஸ்விட்சைத் தட்டினார்.

விசிறி சுழன்றது. திரை மட்டும் இருட்டு!

"பணம் போச்சே!" என்றாள் அம்மா.

ஒன்றும் போகவில்லை. திரையின் வயரைத் தம்பி மதர்போர்டில் செருகியிருந்தான். கார்டு இருந்தால், கார்டில்தான் செருகவேண்டும். பலரும் செய்கிற பிழை இது. பிடுங்கி மாற்றிச் செருகினான். படம் வந்தது.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எழுந்திருடா!" என்றாள் அக்கா. மறுநாள் கொடுக்கவேண்டிய முகூர்த்த வீடியோ ஒன்று பாக்கி இருந்தது.