சொறிநோய்க்கு இடந்தராத ஆப்பிள்

ஈரமான வசந்தத்தையுடைய குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டத்து ஆப்பிள் மரத்திற்குப் பெரும்பகையாக விளங்குவது, வென்சூரியா இனாக்குவாலிஸ் என்னும் பூஞ்சையால் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகளாகப் படரும் சொறிநோய் ஆகும். இதை எதிர்க்கும் மரபணு, புளிப்பான சிறு கனிகளைத் தரும் மாலஸ் ஃபுளோரிபண்டா என்ற அழகுமரத்தில் இருப்பதை அறிந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதனைப் பல தலைமுறைக் கலப்பினால் உண்ணத்தக்க ஆப்பிளுக்குக் கொண்டுவந்தனர். அம்மரபணுவைத் தாங்கிய ‘லிபர்ட்டி’ வகையை நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1978இல் வெளியிட்டது. சொறிக்கெனப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கத் தேவையற்ற இம்மரம், ஜூனிப்பர் வகை மரங்களிலிருந்து பரவும் துரு நோயையும் தாங்கி நிற்கும். ஆயினும் கனியைத் துளைக்கும் புழுக்களுக்கு இது விலக்கன்று. மேலும், ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பை மீறும் பூஞ்சைப் பிரிவுகள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. ஆகவே, பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கும் உதிர்ந்த இலைகளை அகற்றுவது இன்றியமையாதது. நன்கு காய்க்க, அயல் மகரந்தச் சேர்க்கைக்காக அதே பருவத்தில் பூக்கும் வேறு வகை ஆப்பிளை அருகில் நடுவதும் வேண்டும்.